ஏரி என்று எழுதிய போத்தல்

லண்டனில், ஈஸ்ட் ஹாமில் நாங்கள் போகும் கத்தோலிக்கக் கோவிலின் வாசலில், தீர்த்தத் தொட்டிக்குள் மூக்கை நுழைத்தபடி ஒரு வெள்ளைக்கார மனுசி குனிந்து நின்றார். ஞாயிறு பத்து மணிப் பூசை தொடங்கப் போகிறது. பின்னால் பத்துப் பதினைந்து பேர் காத்து நிற்கிறோம். அவர் அசையவில்லை. ஆறுதலாக மணந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒடிசலான தேகம், ஆண்கள் போடும் மழைக்கோட்டு, மூக்கின் இரண்டு பக்கமும் சுருங்கி உறைந்துபோன ஓர் அருவருப்பு.

"இதென்ன, தீர்த்தமோ வாய்க்காலோ?"

பூசை உடுப்பை அரைகுறையாக மாட்டிக்கொண்டு சுவாமியார் ஓடி வந்தார். "மிஸ், அது மந்திரிச்ச தண்ணி."

"மந்திரிச்சால் மணக்காதோ, சுவாமி? கடைசியாய் எப்ப கழுவினனீங்கள்?"

அவர் பேசியது ஆங்கிலம்; அயர்லாந்தின் நாட்டுப்புற ஆங்கிலம். இத்தனை வருடத்தில் என் காதுக்குள் அது எங்கள் பாஷையாகவே மாறிவிட்டது. அப்படியே எழுதுகிறேன். அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. சொந்தக்காரர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். எனக்கு அவர் எப்போதும் மிஸ்தான்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சட்டென்று திரும்பினார். "நீ ஏன் சிரிக்கிறாய்? போன கிழமை இதைத் தொட்டு நெத்தியிலை பூசினனிதானே?"

"ஓம்."

"மணந்து பாத்தனியோ?"

"இல்லை."

"பிறகென்ன சிரிப்பு?"

பூசை முடிந்து வெளியே வந்தபோது படிக்கட்டில் நின்று என்னைப் பிடித்தார். எங்கிருந்து வந்தாய், என்ன படித்தாய் என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் படித்தேன், இங்கே வந்து இரண்டு வருடம், ஒரு ஹோட்டலில் கட்டில் விரிக்கிறேன் என்றேன். அதற்கும் அதே முகச்சுழிப்பு. "இரசாயனம் படிச்சவள் கட்டில் விரிக்கிறாள். இந்த ஊரைப் பாத்தாலே சத்தி வருது." அடுத்த திங்கட்கிழமை நான் அவருடைய ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவிக்கொண்டு நின்றேன். அது எண்பத்தாறாம் ஆண்டு.

ஆய்வுகூடம் என்றதும் பெரிதாக நினைக்கவேண்டாம். ஸ்ட்ராட்ஃபோர்டில், ரயில் பாலத்தின் வளைவுக்குள் இருந்த இரண்டு அறை. மேலே ரயில் போகும்போது தட்டில் உள்ள போத்தலெல்லாம் நடுங்கும். நீச்சல் குளங்கள், சாப்பாட்டுக் கடைகள், முதியோர் இல்லங்கள் எல்லாம் தண்ணீரை அனுப்புவார்கள். நாங்கள் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுப்போம். அவர்தான் சொந்தக்காரி. இளைப்பாறும் வயதை எட்டிய ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவர் இருந்தார். பிறகு நான்.

அவருடைய முதல் கருவி மூக்கு. எந்தப் போத்தலையும் திறந்ததும் கண்ணை மூடிக்கொண்டு மணப்பார். "சலவைத்தூள்." "பழைய ரப்பர்." "இதுக்குள்ளை ஒரு எலி செத்துக் கிடந்திருக்கு." பிறகுதான் இரசாயனம். முடிவு பெரும்பாலும் மூக்கு சொன்னதாகவே இருக்கும். படிவத்தில் "மணம்" என்று ஒரு கட்டம் உண்டு. முதல் நாள் நான் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன். கடுதாசியைத் திருப்பி என் முன்னால் போட்டார்.

"மணம் இல்லாத தண்ணி எண்டு ஒண்டு கிடையாது, பிள்ளை. உன்ரை மூக்குக்குப் பஞ்சி, சோம்பல் பிடிச்ச மூக்கு."

ஒருமுறை ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் இருந்த ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடைக்குத் தண்ணீர் எடுக்கப் போனோம். மேல்மாடியில் இருந்த தண்ணீர்த் தாங்கியின் மூடியைத் திறந்ததும் அவர் பின்வாங்கினார். "புறா," என்றார். ஒரு புறாதான். செட்டை தனி, உடம்பு தனியாகி, மேலே எண்ணெய்போல ஏதோ மிதந்தது. கீழே மேசைகளில் ஆட்கள் அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். போன கிழமை அந்தக் கடையில் நானும் என் கணவரும் குடித்திருந்தோம்.

கடைக்காரர் என்னை ஒரு பக்கம் கூப்பிட்டார். "தங்கச்சி, எங்கடை ஆக்கள்தானே. கொஞ்சம் பாத்து எழுதிவிடுங்கோ."

"என்னவாம்?" என்றார் மிஸ். மொழிபெயர்த்துச் சொன்னேன்.

ஒரு கிளாசை எடுத்துத் தாங்கிக்குள் விட்டு நிரப்பிக் கடைக்காரரிடம் நீட்டினார். "எங்கடை ஆக்கள் எண்டால் புழு குறையுமோ? இந்தாருங்கோ, குடியுங்கோ. நீங்கள் குடிச்சால் நல்ல தண்ணி எண்டு எழுதுறன்."

கடைக்காரர் குடிக்கவில்லை. நாங்களும் எழுதவில்லை. கடை மூன்று கிழமை பூட்டிக் கிடந்தது. எங்கள் ஆட்களில் சிலர் கோவிலில் என்னோடு கதைப்பதை நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு அதில் பெருமைதான். இப்படி ஒரு மனுசியோடு வேலை செய்கிறேன் என்ற பெருமை.

ஆய்வுகூடச் சுவரில், வெண்பலகைக்குப் பக்கத்தில், அயர்லாந்தின் நடுப்பகுதி வரைபடம் ஒன்று ஒட்டியிருந்தது. அதில் ஒரு நீலத் திட்டு. அவர் பிறந்த ஏரிக்கரை அது. மூன்று மைல் நீளம், ஒரு மைல் அகலம், இரண்டு தீவு. ஏழு ஓடைகள் உள்ளே வருகின்றன. வெளியே போவது ஒரே ஒரு ஆறு. அடியெல்லாம் சுண்ணாம்புக் கல். அதனால் ஏரியின் அடிநிலம் பால் விட்டதுபோல வெள்ளையாக இருக்கும், இரண்டு ஆள் ஆழத்தில் கிடக்கும் சதக் காசில் யாருடைய தலை என்று பார்க்கலாம் என்பார். ஆழம் இல்லாத ஏரி, வெளியே போக ஒரே வழி. அதனால் உள்ளே போட்ட ஊத்தை கனகாலத்துக்கு அங்கேயே கிடக்கும் என்றும் சொல்வார்.

படத்தில் இருந்த பெயரை நான் "நெல்லி" என்று வாசித்தேன். எங்கள் ஊரிலும் நெல்லி என்று ஒரு காய் உண்டு, மிஸ், என்று சந்தோஷமாகச் சொன்னேன்.

ஏதோ அழுகியதை மிதித்தவர்போல அவர் காலை இழுத்துக்கொண்டார். "அது நெலியும் இல்லை, காயும் இல்லை. லொக் ந ந்யாலா. எங்கடை பாஷையிலை அன்னங்களின்ரை ஏரி. மாரி தொடங்க ஐஸ்லாந்திலையிருந்து அன்னங்கள் வரும். அதாலைதான் அந்தப் பேர். நிலம் அளக்கிற ஒரு இங்கிலீஷ் சேவையர் பென்சிலோடை வந்தான். கரையிலை நிண்ட ஒருத்தனைக் கேட்டான். ந்யாலா எண்டு அவன் சொல்ல, இவன் நெலி எண்டு எழுதினான். ஒரு பொம்பிளையின்ரை பேர்!"

கதை அதோடு முடியவில்லை. பெயர் இருந்தால் ஆளும் வேண்டுமே. ஏரிக்கரையில் ஹோட்டல் கட்டியவர்கள், காதலுக்காக அந்த ஏரியில் விழுந்து செத்த நெலி என்ற பெண் ஒருத்தியை உண்டாக்கினார்கள். அவளுடைய படத்தைக் கோப்பை துடைக்கும் சீலையில் அச்சடித்து விற்றார்கள். அதில் ஒன்றை யாரோ அவருக்கு நத்தார்ப் பண்டிகைக்குப் பரிசாக அனுப்பியிருந்தார்கள். அவர் அதைக் கழிப்பறை துடைக்க வைத்திருந்தார்.

நான் என் ஊரின் கதையைச் சொன்னேன். நாங்கள் ஊர்காவற்றுறை என்போம், ஊரைக் காக்கும் துறை. படத்தில் கயிற்ஸ் என்று இருக்கும். போர்த்துக்கீசர் தங்கள் பாஷையில் 'துறை' என்று மட்டும் சொன்னது அப்படியே நின்றுவிட்டது என்பார்கள். அவருக்கு அது பிடித்துக்கொண்டது. "சொல்லு, நான் சொல்லிப் பாக்கிறன்," என்றார். இரண்டு கிழமை எடுத்தது. 'ற்று' வரும் இடத்தில் அவருடைய நாக்கு ஒவ்வொரு நாளும் முறிந்தது. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, கையில் சோதனைக்குழாயோடு, பிசகாமல் சொன்னார். லண்டனில் அதற்கு முன்னும் பின்னும் என் ஊரின் பெயரைச் சரியாகச் சொன்ன வெள்ளைக்காரர் எவரையும் நான் கண்டதில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது. இதை எழுதிவைக்க வேண்டும், ஏனென்றால் இனி வருவது வேறு.

கோவிலுக்குப் பின்னால் இருந்த மண்டபத்தில், அந்த ஏரி இருக்கும் மாவட்டத்து ஐரிஷ்காரர்கள் ஏரியைக் காப்பாற்ற என்று ஒரு மத்தியானச் சாப்பாடு வைத்தார்கள். என்னையும் என் கணவரையும் மிஸ் கூப்பிட்டிருந்தார். மேடையில் பெரிய சீலை, அதில் நீண்ட தலைமுடியோடு நெலி. ஒருவர் அவளைப் பற்றிப் பாட, இரண்டு மூன்று கிழவிகள் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு சாப்பாடு வந்தது. பன்றி இறைச்சி. மொறுமொறுத்த தோலும் கீழே உறைந்துகொண்டிருந்த கொழுப்புமாக ஒவ்வொரு சாப்பாட்டுக் கோப்பையிலும் ஒரு பெரிய துண்டு.

மிஸ் எழுந்து நின்றார். "இந்தப் பண்டி எங்கை வளர்ந்தது?"

கமிட்டித் தலைவர், "இண்டைக்கு வேண்டாம், தயவுசெய்து," என்றார்.

"ஏன் வேண்டாம்? ஏரிக்கரையிலை வளர்ந்ததுதானே? அதுகளின்ரை கழிவை வயலிலை ஊத்துறீங்கள். மழை பெய்ய அது ஓடைக்குள்ளை வருது. ஓடை ஏரிக்குள்ளை போகுது. ஏரி பச்சையாய் அழுகுது. அந்தப் பண்டியையே தின்னுகொண்டு ஏரியைக் காப்பாத்தப் போறியளோ? சாகாத ஒருத்திக்கு அழுறீங்கள், சாகிற ஏரிக்கு அழ ஒருத்தரும் இல்லை. சீ!"

கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போனார். நானும் என் கோப்பையைத் தள்ளிவைத்தேன். என் கணவர் மட்டும் பேசாமல் வெட்டிச் சாப்பிட்டார். எனக்குப் பக்கத்தில் இருந்த கிழவி வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "பெரிய வாய்தான். அவவின்ரை தம்பியும் பண்டிதான் வளர்க்கிறான்."

அடுத்த நாள் மிஸ்ஸிடமே கேட்டேன். அவர் குழாயைக் கழுவியபடியே, "தம்பியிட்டை நிக்கிறது நாப்பது பண்டி. அம்மா காலத்திலை இருந்து நிக்குது. மற்றவங்கள் ஆயிரக்கணக்கிலை வைச்சிருக்கிறாங்கள்," என்றார். முகம் சுருங்கவில்லை. நான் அதைக் கவனித்தேன். கவனித்ததோடு விட்டுவிட்டேன்.

தம்பி எண்பத்தெட்டு ஆவணியில் வந்தார். பெரிய உடம்பு, சிவந்த கழுத்து, கூச்ச சுபாவம். தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆய்வுகூட வாசலில் நின்றார். எனக்கு 'குட் மோர்னிங்' சொன்னபோதும் தலையைக் குனிந்தார். வெறுக்கவே முடியாத மனிதர். ஒரு பையில் இருந்து லெமனேட் போத்தல் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். அதில் ஒட்டிய கடுதாசியில் "ஏரி, வடக்குக் கரை" என்று எழுதியிருந்தது.

விஷயம் இதுதான். அவர் நாற்பது பன்றியை ஆயிரமாக்கப் போகிறார். வங்கி சம்மதித்துவிட்டது. புதுக் கொட்டில் கட்ட அந்த ஊர்க் கவுன்சிலின் அனுமதி வேண்டும். தூண்டில்காரர்கள் எதிர்க்கிறார்கள், ஏரி ஏற்கெனவே கெட்டுவிட்டது, இன்னும் பன்றி வேண்டாம் என்கிறார்கள். கெடவில்லை என்று ஒரு ஆய்வுகூடம் எழுதிக் கொடுத்தால் போதும்.

"நாலு பிள்ளையள், அக்கா," என்றார். "இது இல்லாட்டி நானும் இஞ்சைதான் வரவேணும். லண்டனிலை மண் வெட்ட."

தம்பி போனதும் அக்கா ஸ்கொட்லாந்துக்காரரைக் கூப்பிட்டு, விம்பிள்டனில் ஒரு நீச்சல் குளத்துக்குப் போய்த் தண்ணீர் எடுத்துவரச் சொன்னார். பிறகு போத்தலின் மூடியைத் திறந்தார். மணந்தார். வழக்கமாக ஒரு சொல் வரும். அன்று வரவில்லை. சின்னக் கிளாஸ் ஒன்றை எடுத்து, அரைவாசி ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆய்வுகூடத்தில் வந்த தண்ணீரை எவரும் குடிப்பதில்லை. அதுவும் அவர்! லண்டன் குழாய்த் தண்ணீரையே இரண்டுதரம் கொதிக்க வைக்கிற மனுசி.

"இதைச் செய், பிள்ளை," என்று போத்தலை என் பக்கம் தள்ளிவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டார்.

செய்தேன். போத்தலின் அடியில் துருப்போல மெல்லிய செம்மண் நிறம். இரும்பு நிறைய இருந்தது. தன் தாயின் வீட்டுக் கிணற்றில் இரும்பு அதிகம், தேத்தண்ணி கறுத்துப்போகும் என்று அவரே பலதரம் சொல்லியிருக்கிறார். ஒரு துளியை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தேன். ஆவணி மாதத்து ஏரித் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத பாசி, பூச்சி, நீந்தும் உயிர்கள் என்று சந்தை கூடியிருக்கும். இதில் ஒன்றுகூட இல்லை. நிலத்துக்கு அடியில் இருட்டில் கிடந்த தண்ணீர் அது.

உள்ளறை வாசலில் போய் நின்றேன். "மிஸ், இதுக்குள்ளை ஒண்டுமில்லை."

அவர் நிமிரவில்லை. "ஒண்டுமில்லையெண்டால் ஒண்டுமில்லை எண்டு எழுது."

"இது ஏரி..."

படிவத்தின் அடியில் அச்சடித்திருந்த வரியில் அவர் விரலை வைத்தார். எல்லாப் படிவத்திலும் உள்ள வரிதான். 'இம்முடிவுகள் எமக்குக் கிடைத்த மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்.'

"நாங்கள் கிடைச்சதைத்தான் சோதிக்கிறம். ஆர் எங்கை அள்ளினது எண்டு பாக்கிறது எங்கடை வேலை இல்லை."

மாதிரி எடுத்த இடம்: ஏரி, வடக்குக் கரை. மணம்: இல்லை. பரிசோதித்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. அவர் கீழே தன் கையெழுத்தை வைத்தார்.

அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் பெற்றோல் நிலைய வேலைக்கு உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தார்.

"எங்கடை விசா இன்னும் ஹோம் ஒபிசிலை கிடக்கு," என்றார். "ஐரிஷ்காரன்ரை குளத்துக்கு ஏன் நீ வில்லங்கப்படுறாய்? சொல்லுறதைச் செய். பேசாமல் இரு."

பேசாமல் இருந்தேன். இதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் சொல்லாவிட்டாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

கொட்டில்கள் எழும்பின. சான்றிதழைக் கவுன்சில் கூட்டத்தில் தம்பி உயர்த்திக் காட்டினாராம். லண்டன் ஆய்வுகூடம், என்ன சந்தேகம்? ஆய்வுகூடத்தில் நாங்கள் இருவரும் முன்புபோலவே வேலை செய்தோம். அவர் முன்புபோலவே மணந்தார், முன்புபோலவே 'சீ' என்றார். ஒரு முதியோர் இல்லத்தின் தண்ணீரை முகர்ந்துவிட்டு, "இதை எழுதிக் குடுத்தவன் எந்த முகத்தோடை கண்ணாடி பாக்கிறானோ," என்றார் ஒருநாள். நான் அவருடைய முகத்தையே பார்த்தேன். அவர் நேராக என்னைப் பார்த்தார். அவருடைய அருவருப்பு எல்லோருக்கும் உரியது என்று நம்பியிருந்தேன். அதற்கும் ஒரு வேலி இருந்தது. வேலிக்கு உள்ளே ஒரு வீடு, ஒரு கிணறு, நாற்பது பன்றி. ஹை ஸ்ட்ரீட் நோர்த் கடைக்காரர் கேட்டதும் இதைத்தானே? அவருடைய கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காமல் போனது.

தொண்ணூறாம் ஆண்டு கோடையில் தாயின் செத்த வீட்டுக்கு ஊருக்குப் போனார். திரும்பி வந்த அன்று, கோட்டைக்கூடக் கழற்றாமல், என் மேசையில் ஒரு போத்தலை வைத்தார். வழியில் வெயில் பட்டு உப்பியிருந்தது. மூடியைச் சற்றுத் திருகியதும் அது பீறிட்டு அடித்தது. என் கை, சட்டை, படிவங்கள், சுவரில் இருந்த படம் எல்லாவற்றிலும் பச்சை. பெயின்ற்போலத் தடித்த பச்சை. நாற்றத்தை எப்படிச் சொல்வது? அழுகிய முட்டைக்கோசும் பன்றிக் கொட்டிலும் செத்த மீனும் ஒன்றாகக் கலந்த நாற்றம். ஸ்கொட்லாந்துக்காரர் வெளியே ஓடி வளைவுக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்தார். எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

அவர் மட்டும் அசையாமல் நின்றார். "இதுதான் ஏரி," என்றார். "கரை முழுக்க இப்பிடித்தான். நாய் ஒண்டு குடிச்சுச் செத்துப்போச்சு. போன மாரி அன்னம் வரேல்லையாம். செத்த வீட்டுக்கு வந்த சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு செபம் சொல்லுது. என்ரை தம்பி மட்டும் சொல்லுறான், ஒரு மணமும் இல்லையாம்."

பிறகு கையுறையைப் போட்டுக்கொண்டு என்னோடு சேர்ந்து சுவரைத் துடைத்தார். பின்னேரம் தட்டச்சு இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்து அந்தக் கவுன்சிலுக்குக் கடிதம் அடித்தார். அடித்து முடித்து என்னிடம் வாசிக்கத் தந்தார். அதில் இருந்தது இது: இரண்டு வருடத்துக்கு முன் நான் கொடுத்த சான்றிதழைத் திரும்பப் பெறுகிறேன். அந்தத் தண்ணீர் ஏரியில் இருந்து வந்ததல்ல, என் தாயின் வீட்டுக் கிணற்றில் இருந்து வந்தது. அது எனக்குக் கையெழுத்து வைக்கும்போதே தெரியும். கடைசியாக ஒரு வரி: 'பரிசோதித்த என் உதவியாளருக்கு இதைப் பற்றி எதுவும் தெரியாது.'

அந்த வரியை இரண்டுதரம் வாசித்தேன். வாயைத் திறந்தேன், பிறகு மூடிக்கொண்டேன். "சரிதானே?" என்று கேட்டார். "ஓம், மிஸ்," என்றேன்.

கொட்டில்களை எவரும் இடிக்கவில்லை. மாரிகாலத்தில் வயலில் கழிவு ஊற்றக்கூடாது என்று மட்டும் கட்டளை போட்டார்கள். தம்பி, அக்காவுக்கு மூளை பிசகிவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னார். அதற்குப் பிறகு அக்காவோடு ஒரு சொல்லும் பேசவில்லை. செய்தி லண்டனுக்கும் வந்தது. பொய்ச் சான்றிதழ் கொடுத்தேன் என்று தானே எழுதிக் கொடுத்த ஆய்வுகூடத்துக்கு யார் தண்ணீர் அனுப்புவார்கள்? ஒரு வருடத்துக்குள் பூட்டவேண்டி வந்தது. கோவிலில் அவர் உட்காரும் நீள வாங்கில் மற்ற ஐரிஷ்காரர் உட்காருவதில்லை. பொய் சொன்னதற்காக ஒதுக்கினார்களா, உண்மையைச் சொன்னதற்காகவா என்று அவர்களுக்கே தெரியுமோ தெரியாது. பூட்டுவதற்கு முன் எனக்கு ஒரு நற்சான்று எழுதித் தந்தார். 'நேர்மையானவள்' என்று அதில் இருந்தது. அதை வைத்துத்தான் எனக்குப் பெரிய ஆய்வுகூடம் ஒன்றில் வேலை கிடைத்தது.

அதற்குப் பிறகு ஐந்து வருடம் நான் அவரைப் பார்க்கப் போகவில்லை. நேரமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். விசா வந்தது, வீடு வாங்கினோம், எனக்குக் கீழே நாலு பேர் வேலை செய்தார்கள். தொண்ணூற்றாறு பங்குனியில், அவர் குட்மேய்ஸில் தனியாக இருக்கிறார், சுகமில்லை என்று சுவாமியார் சொன்னார். தோடம்பழம் வாங்கிக்கொண்டு போனேன்.

நன்றாக மெலிந்துவிட்டார். என்னைக் கண்டதும், "ஊர்காவற்றுறை," என்றார், பிசகாமல். தேத்தண்ணி போட்டுத் தந்தார். கொஞ்ச நேரம் கதைத்தோம்.

"மிஸ், அண்டைக்கு எனக்குத் தெரியும். அது கிணத்துத் தண்ணி எண்டு."

"உனக்குத் தெரியும் எண்டு எனக்குத் தெரியும்," என்றார். கோப்பையைக் கீழே வைத்தார். "அதாலைதான் உன்னட்டைத் தந்தனான். அந்தக் கிழவனட்டைக் குடுத்திருந்தால் சண்டை பிடிச்சிருப்பான். நீ வாய் திறக்கமாட்டாய். விசா இல்லாத சனம் வாய் திறக்காது."

வேறு எப்படிச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன். தேத்தண்ணி என் வாய்க்குள் கசந்தது. எழும்பி வந்துவிட்டேன். ரயிலில் இருந்தபோது அவர்மேல் குமட்டிக்கொண்டு வந்தது. மேனர் பார்க் தாண்டும்போதுதான் அது அவர்மேல் மட்டும் இல்லை என்று விளங்கியது. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்லி அழுதேன்.

"அவ சொன்னதிலை என்ன பிழை?" என்றார் அவர், மெதுவாக. "நீ திறக்கேல்லைத்தானே."

அந்தக் கிழமை முழுக்க இருந்து ஒரு கடிதம் எழுதினேன். அதே கவுன்சிலுக்கு. அதனால் ஏரிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடிதம் கோப்பில் சேர்க்கப்பட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. என் வேலைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

தபாலில் போடுவதற்கு முன் குட்மேய்ஸுக்குக் கொண்டுபோனேன். ஏன் கொண்டுபோனேன்? மன்னிக்கவேண்டும் என்றோ, மெச்சவேண்டும் என்றோ எதிர்பார்த்திருப்பேன். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். பழைய சுருக்கம் மூக்கின் இரு பக்கமும் ஏறியது.

"'சந்தேகப்பட்டேன்' எண்டு எழுதியிருக்கிறாய்."

"ஓம்."

"நீ சந்தேகப்பட்டனியோ?"

நான் கடிதத்துக்குக் கையை நீட்டினேன்.

"கேக்கிறன், பிள்ளை. நுணுக்குக்காட்டியிலை பாத்தாய். இரும்பைப் பாத்தாய். நான் குடிச்சதைப் பாத்தாய். பிறகும் சந்தேகப்பட்டுக்கொண்டோ நிண்டனி?"

"இல்லை. தெரியும்."

"அப்ப அதை எழுது."

வெட்டித் திருத்தப் போனேன். விடவில்லை. மேசை லாச்சியைத் திறந்து புதுக் கடுதாசி எடுத்துத் தந்தார். முதல் வரியில் இருந்து எல்லாவற்றையும் திருப்பி எழுதினேன். அந்தச் சொல் வந்த இடத்தில் கை நின்றது. அவர் எதிரே இருந்து என் பேனையையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதினேன். வாங்கி மறுபடி வாசித்தார். நன்றாக இருக்கிறது என்றோ நல்லது என்றோ ஒன்றும் சொல்லவில்லை. உறையில் போட்டு, தானே நக்கி ஒட்டினார்.

நான் கோட்டை மாட்டும்போது அவரும் தன் மழைக்கோட்டை எடுத்தார்.

"நீங்கள் ஏன், மிஸ்? வெளியிலை குளிருது."

"தபால் பெட்டி வரைக்கும் வாறன். உன்னை நம்பேலாது."

சுவரைப் பிடித்துப் பிடித்து, தெருமுனை வரை நடந்து வந்தார். மூச்சு வாங்கியது. நான் கடிதத்தைப் பெட்டியின் வாய்க்குள் வைத்தேன். அவர் பக்கத்தில் நின்றார். உள்ளே அது விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பி நடக்கத் தொடங்கினார்.